செமஸ்டர், முகூர்த்தம், பிள்ளையின் காய்ச்சல்: வீட்டிலிருந்து அழகுக்கலைத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஜவுளிக்கடையிலோ மெடிக்கல் ஷாப்பிலோ பில் போடும் வேலை, வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை அல்லது படுக்கையில் இருக்கும் மாமியார். இதற்கு நடுவே மேக்கப், மெஹந்தி என்று சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இந்த நிலைமையில் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "டைம் மேனேஜ்மென்ட் கத்துக்கோம்மா." நாலரை மணிக்கு எழுந்து சமைத்து, பஸ் பிடித்து, ராத்திரி பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவுகிறவளுக்கு நேரத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அழகுக்கலையில் ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு விதமாக நேரத்தைத் தின்னும். சில வேலைகளை உங்கள் வசதிக்குத் தள்ளி வைக்கலாம். சிலவற்றைப் பத்து நிமிடம்கூட நகர்த்த முடியாது. எது எப்படி என்று தெரியாமல், பார்த்ததும் ஆசைப்பட்டு மணப்பெண் மேக்கப்பில் இறங்குகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்கிறார்கள், அல்லது தொழிலை விட்டுவிடுகிறார்கள். ஆகவே எந்த வேலையை எந்த மாதத்தில் எடுப்பது என்பதிலிருந்துதான் இந்த வழிகாட்டி தொடங்குகிறது. மேக்கப் போடுவது எப்படி என்பதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது.

முதல் படி: இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் அட்டையிலோ பின்பக்கத்திலோ அந்த ஆண்டின் முகூர்த்த நாட்கள் அச்சாகியிருக்கும். வளர்பிறை, தேய்பிறை இரண்டும் தனித்தனியாக இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கல்லூரியின் இன்டர்னல் தேர்வு, செமஸ்டர் தேர்வு வரும் வாரங்கள். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. பகுதி நேர வேலையில் லீவு கிடைக்காத நாட்கள்.

எழுதி முடித்ததும் ஒன்று தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் இல்லை. புரட்டாசியில் குறைவு. தை, வைகாசி, ஆவணி மூன்றும் முகூர்த்தம் நிறைந்தவை, உங்கள் படிப்புக்கும் அதிகம் இடிக்காதவை. தையில் செமஸ்டர் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். வைகாசியின் பெரும்பகுதி கோடை விடுமுறையோடு போய்விடும். ஆவணியில் மிஞ்சினால் ஓர் இன்டர்னல் வரும். பங்குனியும், ஐப்பசி பாதி முதல் கார்த்திகை வரையும்தான் ஆபத்து. முகூர்த்தமும் உண்டு, ஏப்ரல், நவம்பர் செமஸ்டர் தேர்வும் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மண்டபத்தை ஆறு மாதம் முன்பே பிடிக்கிறவர்கள் மேக்கப்புக்கும் மூன்று, நான்கு மாதம் முன்பே பேச வருவார்கள். தேர்வு அட்டவணையோ சில வாரங்களுக்கு முன்னால்தான் வெளியாகும். "தேதி வந்ததும் சொல்றேங்க்கா" என்று மணப்பெண் வீட்டாரிடம் சொல்ல முடியாது. அதனால் தேர்வு வரக்கூடிய நான்கைந்து வாரங்களையும் மொத்தமாக அடைத்துவிடுங்கள். அந்த வாரங்களில் மணப்பெண் வேலை கிடையாது. யார் கேட்டாலும், எவ்வளவு கொடுத்தாலும். விட்டுப்போகிற வருமானம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பின்வாங்குகிற பெண் என்று ஊருக்குள் பேர் வந்தால், அது லேசில் போகாது.

இந்தக் கணக்கு இந்துக் கல்யாணங்களுக்கு மட்டும். நாகர்கோவில், தூத்துக்குடி, திருச்சி பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும்: கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு ஆடி, மார்கழி தடை இல்லை, தவக்காலத்தில்தான் இடைவெளி. முகூர்த்தம் பார்க்காததால் பலருக்குச் சனி, ஞாயிறு, விடுமுறை நாள் வசதி. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் ரமலானில் குறையும். ஆனால் பெருநாளுக்கு முந்தைய இரண்டு மூன்று ராத்திரிகளில் மெஹந்தி போட்டுவிட ஆள் கிடைக்காது. உங்கள் தெருவில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய காலண்டரும் உங்கள் காலண்டர்தான்.

இரண்டாம் படி: உங்கள் நேரத்துக்கு ஒத்துவரும் வேலையைத் தேர்ந்தெடுங்கள்

ஐப்ரோ, அதாவது த்ரெட்டிங். முதலீடு மிகக் குறைவு, ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் ஆள் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. நீங்கள் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதுதான் காலிங் பெல் அடிக்கும். "சும்மா அஞ்சு நிமிஷம்தானேக்கா" என்று நாளைக்கு நான்கு பேர் வந்தால், மாலை முழுவதும் துண்டு துண்டாகச் சிதறிவிடும். செய்வதானால் வாரத்தில் இரண்டு நாள், குறிப்பிட்ட இரண்டு மணி நேரம் என்று வைத்து, அதை வாசலில் எழுதி ஒட்டுங்கள்.

ஃபேஷியல், வேக்சிங், ப்ளீச்: ஒருவருக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ. தனி அறை, படுக்கை, தண்ணீர் வசதி வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் ஆண்கள் நடமாடும் ஒரே ஹாலில் இதைத் தொடங்காதீர்கள். வருகிறவருக்கும் சங்கடம், வீட்டில் இருப்பவர்களுக்கும் சங்கடம்.

மெஹந்தி நல்ல தேர்வு. இயற்கை மருதாணி முதலில் ஆரஞ்சு நிறமாகத்தான் பிடிக்கும். கருஞ்சிவப்பாக மாற ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போடுவதுதான் முறை, அதற்கு முகூர்த்த நேரமும் கிடையாது. கல்லூரி, வேலை முடிந்து சாயங்காலம் போய் ராத்திரி திரும்பலாம். ஒன்று மட்டும் கவனம். "பத்து நிமிஷத்துல கறுப்பா பிடிக்கும்" என்று விற்கும் கோன்களைத் தொடாதீர்கள். கறுப்பு மெஹந்தி என்று வருபவற்றில் பிபிடி என்ற தலைமுடிச் சாய வேதிப்பொருள் கலந்திருக்கலாம். ஒத்துக்கொள்ளாதவருக்குத் தோல் வெந்து கொப்பளித்துவிடும், சிலருக்குத் தழும்பும் நிற்கும். மணப்பெண்ணின் கையில் அப்படி நடந்தால் உங்கள் தொழில் அன்றோடு சரி.

மணப்பெண் மேக்கப்: பேரும் புகைப்படமும் தருவது இதுதான். நேரத்தை மொத்தமாக விழுங்குவதும் இதுதான். நாலரை முதல் ஆறு முகூர்த்தம் என்றால் நீங்கள் இரண்டு மணிக்குள் மண்டபத்தில் இருக்க வேண்டும். முகம், ஜடை, பூ, நெத்திச்சுட்டி, புடவை என்று இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். முந்தைய நாள் மாலை ரிசப்ஷனுக்கு ஒரு முறை. நடுவில் உறக்கம் கிடையாது. ஒரு கல்யாணம் என்றால் ஒரு சாயங்காலம், ஓர் இரவு, மறுநாள் காலை வகுப்பு மூன்றும் காலி. முழுநேரக் கல்லூரியில் 75 சதவீத வருகைப் பதிவு இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். எனவே ஒரு செமஸ்டரில் எத்தனை காலை வகுப்பை விடலாம் என்று எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு மேல் கல்யாணம் எடுக்காதீர்கள். அதிலும் இரண்டு நாளைப் பிள்ளையின் காய்ச்சலுக்கென்று கழித்துவிடுங்கள். அது செமஸ்டருக்கு ஒரு தடவையாவது வரும்.

இவை எல்லாவற்றையும்விடப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்லும் வேலை, புடவை ப்ரீ ப்ளீட்டிங். இதை யாரும் அழகுக்கலையாகவே மதிப்பதில்லை. கொசுவமும் முந்தியும் முன்கூட்டியே மடித்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டுப் பெட்டி போல மடித்துக் கொடுப்பது. வாடிக்கையாளர் கூடவே இருக்க வேண்டியதில்லை. புடவையை இன்று கொடுத்துவிட்டு நாளை மறுநாள் வாங்கிக்கொள்வார். பிள்ளை தூங்கிய பிறகு, பாடத்தை ஒலிப்பதிவாகக் கேட்டுக்கொண்டே செய்யலாம். நகர்த்தக்கூடிய வேலை என்று நான் சொன்னது இதைத்தான்.

தேவையானவை: நல்ல அயர்ன் பாக்ஸ், உயரம் சரியான மேஜை, அளவு நாடா, கிளிப்புகள், புடவைப் பின்கள், முந்தியின் மடிப்பைப் படிய வைக்க ஒரு ஹேர் ஸ்ட்ரெய்ட்னர். வாங்கும்போதே இடுப்புச் சுற்றளவு, உயரம், முந்தி எதுவரை தொங்க வேண்டும் என்பதைக் கேட்டு, பெயரோடு சீட்டில் எழுதிப் புடவைமேல் குத்திவிடுங்கள். பட்டில் தண்ணீர் தெளிக்கக் கூடாது, திட்டுத் திட்டாகக் கறை விழும். ஜரிகைமேல் நேரடியாக அயர்ன் வைக்காமல், மெல்லிய பருத்தித் துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். புடவையைக் கையில் வாங்கும்போதே விரித்து, வாடிக்கையாளர் முன்னிலையில் வீடியோ எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கறைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். முப்பதாயிரம் ரூபாய்ப் பட்டு வீட்டில் இருக்கும் நாட்களில் அதற்கென்று ஒரு பீரோ தட்டு, சாவியோடு. குழந்தையின் கைக்கும் குங்குமச் சிமிழுக்கும் எட்டாத உயரத்தில்.

வருமானத்திலும் இது குறைச்சல் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் கட்டணம் மாறும், உங்கள் ஊர் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு புதியவர் மணப்பெண் மேக்கப்புக்கு 6,000 ரூபாய் வாங்குகிறார் என்று வைப்போம். பொருள் 900, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 800, போக்குவரத்து 400, பின், ஊசி, சவுரி போன்ற சில்லறை 200. மீதி 3,700. நேரம்: ட்ரையல் ஒன்றரை மணி, பெட்டி அடுக்க ஒன்று, ரிசப்ஷன் மூன்றரை, முகூர்த்தம் நான்கு, பயணம் இரண்டு, திரும்பி வந்து பிரஷ் கழுவ ஒன்று. மொத்தம் 13 மணி நேரம். மணிக்கு 285 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. ப்ரீ ப்ளீட்டிங் ஒரு புடவைக்கு 300 ரூபாய், செலவு 30, கை பழகியபின் முக்கால் மணி நேரம். மணிக்கு 360 ரூபாய். இன்ஸ்டாவில் லைக் வராது, அவ்வளவுதான்.

மணப்பெண் மேக்கப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ப்ளீட்டிங்குக்குப் புடவை கொடுத்த வீட்டார்தான் பின்னால் மெஹந்திக்கும் மேக்கப்புக்கும் கூப்பிடுவார்கள். முதல் ஆண்டில் வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் போன்ற பகல் நேர விசேஷங்களை எடுங்கள். கல்யாணம் இல்லாத மாதங்களிலும் வேலை உண்டு. நவராத்திரியில் சின்னப் பிள்ளைகளுக்கு வேஷம், மார்கழியில் பரதநாட்டிய மேக்கப், ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா. ஆண்டு விழாவுக்கு ஒரே நாளில் நாற்பது குழந்தைகள். காசு கம்மி, ஆனால் நாற்பது அம்மாக்கள் உங்களைப் பார்ப்பார்கள்.

மூன்றாம் படி: பயிற்சியை எங்கே, எப்போது

ஏதாவது ஓர் அகாடமியில் பெரிய தொகை கட்டிச் சேர்வதற்கு முன்னால் அரசு வழிகளைப் பாருங்கள். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. இந்தியன் வங்கி, ஐஓபி, கனரா வங்கி என்று மாவட்டத்துக்கு ஏற்ப மாறும். கிராமப்புறத்தைச் சேர்ந்தவர்களுக்கு பியூட்டி பார்லர் நடத்தும் பயிற்சியை ஒரு மாத அளவில், சாப்பாட்டோடு, கட்டணமில்லாமல் தருகிறார்கள். முடித்த பிறகு வங்கிக் கடனுக்கும் வழிகாட்டுகிறார்கள். நாள் முழுக்க உட்கார வேண்டிய பயிற்சி என்பதால் செமஸ்டர் நடுவே சாத்தியமில்லை. மே மாதத்துக்கு இப்போதே பேர் கொடுத்து வையுங்கள். முறையாக ஓராண்டு படிக்க முடிகிறவர்களுக்கு ஐடிஐயில் அடிப்படை அழகுக்கலைப் பிரிவு இருக்கிறது.

தனியார் அகாடமிதான் என்றால், பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "எத்தனை உண்மையான முகத்தில் என் கையால் போட விடுவீங்க?" பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்து யாரும் உங்களைக் கூப்பிடப்போவதில்லை. அதிலும் பலவிதத் தோல் நிறத்தில் பழக வேண்டும். நம் ஊர் மாநிறத்தையும் கறுப்பையும் சாம்பல் பூத்த மாதிரி ஆக்கிவிடுகிற ஃபவுண்டேஷன் தேர்வுதான் புதியவர்களிடம் அதிகம் பார்க்கிறேன். இரண்டு, மூன்று நிறங்களைக் கலந்து கழுத்தோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் வீடியோவில் வராது. தங்கைகள், கல்லூரித் தோழிகள், பக்கத்து வீட்டு அத்தை என்று ஆட்களைப் பிடித்து உட்கார வைத்துத்தான் வரும்.

நான்காம் படி: பகுதி நேர வேலையை விடாதீர்கள், ஆனால் சரியானதாக மாற்றுங்கள்

பார்லரிலேயே பகுதி நேரமாகச் சேர்ந்தால் கற்றுக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று தோன்றும். ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு அது நல்ல யோசனை. சொந்த வேலை தொடங்கியபின் இடிக்கும். உங்களுக்கு லீவு தேவைப்படும் அதே முகூர்த்த நாளில்தான் அந்த ஓனரக்காவுக்கும் ஆள் தேவைப்படும். அவரிடம் வரும் வாடிக்கையாளரை உங்கள் பக்கம் இழுக்கவும் கூடாது. விலகும்போது சொல்லிவிட்டு, நல்ல முறையில் விலகுங்கள். அவருக்கு இரண்டு கல்யாணம் ஒரே நாளில் வந்தால் ஒன்றை உங்களுக்குத் தள்ளிவிடுவார்.

ஜவுளிக்கடைக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. கல்யாணம் இல்லாத ஆடியில்தான் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதும், கூடுதல் ஆள் எடுப்பார்கள். உங்கள் கை காலியாக இருக்கும் மாதத்தில் அங்கே கூடுதல் நேரம் நின்று, ஆவணியில் குறைத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் மட்டும் கஷ்டம், லீவு கேட்டாலும் கிடைக்காது. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு வசதி. ஆனால் உங்கள் தேர்வும் அவர்கள் தேர்வும் பங்குனியில் ஒன்றாக வந்து நிற்கும். எந்த வேலையானாலும் சேரும்போதே "மாதத்துக்கு இரண்டு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டு மாற்றிக்கொள்வேன்" என்று பேசிவிடுங்கள். சேர்ந்தபின் கேட்டால் சலுகையாகிவிடும்.

ஐந்தாம் படி: வீட்டில் பேசுவது

"எல்லாரும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் செய்ய மாட்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, எதைச் செய்வதென்று தெரியாது. "வியாழக்கிழமை ராத்திரி நான் மண்டபத்துக்குப் போறேன். வெள்ளிக்கிழமை காலையில பாப்பாவை எழுப்பி, இட்லி கொடுத்து, எட்டே காலுக்கு வேன்ல ஏத்தணும்" என்று கணவரிடமோ அம்மாவிடமோ நாள், நேரம், வேலை மூன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய முகூர்த்தத் தேதிகளைச் சமையலறைக் காலண்டரிலும் சிவப்பில் வட்டமிடுங்கள். அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் வெளியூர்ப் பயணம் போட மாட்டார்கள்.

மாமியாரோடு இருப்பவர்களுக்கு ஒரு சொல். ராத்திரி இரண்டு மணிக்கு மருமகள் வண்டி ஏறுவது அவருக்கு நிச்சயம் உறுத்தும். வாதம் செய்து வெல்ல முடியாது. முதல் சில கல்யாணங்களுக்கு அவரையோ உங்கள் அம்மாவையோ உதவிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பூ வைக்க, பின் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்தான். மண்டபத்தில் மணப்பெண்ணின் அம்மா மரியாதையோடு காபி கொண்டுவந்து கொடுப்பதை அவர் ஒரு முறை பார்த்துவிட்டால் உங்கள் வேலையைப் பற்றிய பேச்சு வீட்டில் மாறும். இரவில் அழைத்துப் போக, கொண்டுவந்து விடக் கல்யாண வீட்டாரே வண்டி அனுப்ப வேண்டும் என்பதையும் நிபந்தனையாகவே வையுங்கள். கேட்கக் கூச்சப்படுகிற விஷயம் இல்லை இது.

சொந்தக்காரர்கள் ஒரு தனி அத்தியாயம். "நம்ம பொண்ணுதானே, சும்மா போட்டு விடு" என்பார்கள். மறுத்தால் வருத்தம், ஒப்புக்கொண்டால் நஷ்டம். அண்ணன் தங்கை, சித்தப்பா பெரியப்பா வீட்டு மணப்பெண் என்றால் அந்த மேக்கப்பையே உங்கள் மொய்யாக வைத்துவிடுங்கள். வெளிப்படையாகச் சொல்லியே வையுங்கள். அதற்கு அப்பால் உள்ள உறவுக்குப் பொருள் செலவும் உதவியாளர் கூலியும் கட்டாயம். மணப்பெண்ணுக்குப் போடும்போது வரிசையில் வந்து உட்காரும் ஏழெட்டு அத்தை, சித்திகளுக்கு "ஆளுக்கு இவ்வளவு" என்று முன்பே பேசியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு மணப்பெண்ணின் நேரத்தையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாம் படி: பெட்டியில் என்ன, சுத்தம் எப்படி

முதல் பெட்டிக்குப் பொருள் குறைவாக வாங்குங்கள். பத்துக் கலர் லிப்ஸ்டிக்கைவிட இரண்டு செட் பிரஷ் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவிய பிரஷ் மறுநாள் காய்ந்திருக்காது, ஈரப் பிரஷில் பூஞ்சை பிடிக்கும். படுக்க வைத்துக் காய வையுங்கள், நிற்க வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பசை விட்டுவிடும். ஒரே நாளில் இரண்டு முகம் என்றால் நடுவில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்து உலர விடுங்கள்.

லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்காமல் தகட்டில் சுரண்டி எடுத்து பிரஷால் வையுங்கள். மஸ்காராவுக்குத் தூக்கி எறியும் குச்சி. வேக்ஸில் தொட்ட குச்சியை மறுபடி டப்பாவுக்குள் விடக் கூடாது. ஐப்ரோ நூலைப் பல்லில் கடிக்கும் பழைய வழக்கத்தை விட்டு, கழுத்தில் மாட்டிக்கொண்டு பழகுங்கள். ஆளுக்கு ஆள் புது நூல். இவ்வளவையும் வாடிக்கையாளர் கண்முன்னால் செய்யுங்கள். சொல்லிக்காட்ட வேண்டியதில்லை, அவரே கவனிப்பார்.

டப்பாவில் மூடி திறந்த மாதிரி ஒரு படமும் உள்ளே 6எம், 12எம் என்றும் இருக்கும். திறந்தபின் எத்தனை மாதம் தாங்கும் என்பதன் குறிப்பு அது. திறந்த தேதியை மார்க்கரில் டப்பாமேலேயே எழுதுங்கள். உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாத எந்தக் கிரீமும் வேண்டாம். "ஒரே வாரத்தில் வெள்ளை" என்று வரும் பெயரில்லாத கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கும் அபாயம் அதிகம். கேரளத்தில் மலப்புரம் பக்கத்து மருத்துவர்கள் இப்படிப்பட்ட சிவப்பழகு கிரீம்களால் சிறுநீரகம் பாதித்தவர்களைப் பற்றி ஆய்விதழிலேயே எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளரே கொண்டுவந்து "இதைப் போட்டு விடுங்க" என்றாலும் மறுத்துவிடுங்கள்.

தலைமுடிச் சாயத்துக்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்ப்பது கட்டாயம். குழந்தை தூங்கும் அறையில் கெரட்டின், ஸ்ட்ரெய்ட்னிங் போன்ற முடியை நேராக்கும் வேலைகள் கூடவே கூடாது. சில கெரட்டின் திரவங்கள் சூடானதும் ஃபார்மால்டிஹைடு ஆவியை விடும். கர்ப்பமாக இருக்கும்போது அந்த வேலையையே எடுக்காதீர்கள். அசிட்டோன், பெராக்சைடு, வேக்ஸ் ஹீட்டர் மூன்றும் பூட்டும் அலமாரியில் இருக்கட்டும்.

ஏழாம் படி: பேச்சை எழுத்தாக்குவது

தேதி, நேரம், மண்டபம், எத்தனை பேர், எந்தெந்த வேலை, தொகை, அட்வான்ஸ், வண்டி. இத்தனையையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். அட்வான்ஸ் வந்தால்தான் தேதி உங்களுடையது. அவர்கள் பக்கத்தில் ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது, நீங்கள் வர முடியாமல் போனால் முழுதாகத் திருப்புவீர்கள் என்பதையும் அதில் சேருங்கள். பாக்கியை மேக்கப் தொடங்கும் முன் வாங்கிவிடுங்கள். தாலி கட்டியபின் பணம் வைத்திருக்கும் சித்தப்பாவை மண்டபத்தில் தேட முடியாது.

உங்களுக்கு உடம்புக்கு முடியாத நாளுக்கு, உங்கள் அளவுக்குத் திறமையுள்ள இன்னொரு பெண்ணிடம் பேசி வையுங்கள். அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். தனியாகத் தொழில் செய்கிறவருக்கு வேறு காப்பு கிடையாது.

புகைப்படம், ரீல்ஸுக்கு மணப்பெண்ணின் சம்மதம் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தத்தையும் வெட்டி ஒட்டி வைத்தால் போதும். தினமும் ரீல்ஸ் போட வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னாலும், அவருக்குச் செமஸ்டர் இல்லை.

எட்டாம் படி: காகிதமும் கடனும்

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதார், பான் எண்களை வைத்து இணையத்தில் செய்துவிடலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. ஜிஎஸ்டி, ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். போர்டு மாட்டி ஓர் அறையைப் பார்லராகவே ஆக்குவதானால் உள்ளாட்சித் தொழில் உரிமத்தையும், வீட்டு மின் இணைப்பிலேயே நடத்தலாமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கடன் பற்றி: மத்திய அரசின் முத்ரா சிறுதொழில் கடன் திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். பெரிய அளவில் கடை போடும்போது மாவட்டத் தொழில் மையம் வழியாகத் தமிழக அரசின் யுஒய்இஜிபி என்ற, வேலையில்லாத இளைஞர்களுக்கான சுயதொழில் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போது கடன் வேண்டாம் என்பது என் கருத்து. மாதத் தவணை ஆடி, மார்கழி பார்த்து வராது. ப்ளீட்டிங்கிலும் மெஹந்தியிலும் வந்த காசில் பெட்டியை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது மெதுவாகத்தான் நடக்கும், ஆனாலும் தேர்வு மாதத்தில் நிம்மதியாகப் படிக்க விடும். தொழில் காசுக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ஜிபே எண் வையுங்கள். வீட்டு மளிகையும் ஃபவுண்டேஷனும் ஒரே கணக்கில் கலந்தால் லாபம் வந்ததா என்றே தெரியாது.

பகுதி நேர வேலையை எப்போது விடலாம் என்று பலர் கேட்கிறார்கள். தையில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வந்ததும் விட்டுவிடத் துடிப்பார்கள். தை மாதக் கணக்கு எல்லாருக்கும் நன்றாகத்தான் இருக்கும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் தொழிலில் வந்தது பகுதி நேரச் சம்பளத்துக்குப் பக்கத்திலாவது நிற்கிறதா? இரண்டு ஆண்டு அப்படி நின்றால், டிகிரியும் கையில் வந்திருந்தால், வேலையை விடலாம். கடைக்கு இடம் பார்ப்பதும் முன்பணம் கொடுப்பதும் அதற்குப் பிறகுதான்.